பல்லியத்திற்கு ஒரு பாட்டு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

தற்கால முறையில் சிறுபல்லியம் ஒன்றிற்கு இசை அமைத்தல் பற்றி இவ்விழாவில் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். அதனைக் கேள்வியுற்ற அன்பர் ஒருவர், "ஐயா, குடிபாலாவில் இருந்துகொண்டு சீமைப் பல்லியத்தைப் பற்றிப் பேசுவானேன்? நமக்கும் அதற்கும் என்ன உறவு?" என்று வினவினார். நல்ல வினா. இவ்வுரை முழுவதும் அவ்வினாவிற்கு விடை தேடும் முயற்சியே ஆகும்.

வேறொரு காரணமும் உண்டு. நம் சங்கம் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு இசை வகுப்பு நடத்திவருவதை அறிவீர்கள். வயலின் பயிலும் பிள்ளைகளைக் கொண்டு ஒரு சிறு குழு அமைக்கலாமா, அதன்பொருட்டு ஒரு செல்லோவும் இரண்டு வயோலாக்களும் வாங்கலாமா என்னும் கேள்வி செயற்குழுவின் முன் நிற்கிறது. "வேண்டும்" என்பாரும் உளர். "இராகம் கெட்டுவிடும், வேண்டா" என்பாரும் உளர். இரு சாராரும் இசையின்பால் அன்பு கொண்டவர்களே. ஆகவே அவசரப்படாமல் பொருளை ஆராய்வோம். முடிவு உங்களுடையது.

பெயரும் பொருளும்

பல கருவிகள் ஒருங்கே இசைப்பதற்குப் 'பல்லியம்' என்று பெயரிட்டனர் நம் முன்னோர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவி ஆடிய அரங்கின் இசையை இளங்கோவடிகள் முறைப்படுத்திக் காட்டுகிறார். குழலின் வழியே யாழ் நின்றது. யாழின் வழியே தண்ணுமை நின்றது. தண்ணுமையின் பின்னே முழவு நின்றது என்று வரிசைப்படுத்துகிறார். இங்கே ஒரு நுட்பம் காண்க. ஒவ்வொரு கருவியும் மற்றொன்றின் வழியே நிற்கிறது. ஒன்று முன்செல்ல மற்றவை தொடர்வது நம் பல்லியத்தின் இயல்பு. இன்றும் நம் கச்சேரிகளில் பாடகர் முன்செல்ல, வயலின் நிழல்போல் தொடர்கின்றது அன்றோ!

மேனாட்டுப் பல்லியத்தின் இயல்பு வேறு. அங்கே கருவிகள் ஒன்றன் வழியே ஒன்று நிற்பதோடு அமையா. ஒன்று ஒரு பண்ணைப் பாட, மற்றொன்று அதே வேளையில் வேறொரு வரியைப் பாடும். இரண்டும் தம் தனித்தன்மையை இழவாமல் பொருந்தும். இதனைக் 'கவுண்டர்பாயிண்ட்' என்பர். நாம் 'எதிரிசை' என்று கூறலாம். பல சுரங்கள் ஒரே நொடியில் கூடி ஒலிப்பது 'ஹார்மனி' எனப்படும். அதனைச் 'சுரக்கூட்டு' என்போம்.

மேனாட்டுப் பெரும்பல்லியத்தில் எண்பது முதல் நூறு பேர் வரை அமர்ந்து வாசிப்பர். சிறுபல்லியமோ ஏறக்குறைய பதினைந்து பேர் முதல் நாற்பது பேர் வரையில் அடங்குவது. அரண்மனை அறைகளில் வாசிக்கப்பட்டமையால் 'அறைப் பல்லியம்' என்னும் பொருள்பட அதற்குப் பெயர் வந்தது. ஹைடன் என்னும் இசைப்புலவர் 1761ஆம் ஆண்டு எஸ்டர்ஹாசிக் குடும்பத்தாரின் அரண்மனையில் பணியேற்று, அத்தகைய சிறு குழுவிற்கே பல ஆண்டுகள் இசை இயற்றினார். அவர் காலத்திலேதான் காவிரி நாட்டில் தியாகராசர் பிறந்தார். பீத்தோவனும் நம் சியாமா சாஸ்திரிகளும் மறைந்தது ஒரே ஆண்டு, 1827. இரு பெருமரபுகள் ஒன்றையொன்று அறியாமலே ஒரே காலத்தில் உச்சி எய்தின என்பது எண்ணி எண்ணி வியத்தற்குரியது.

பின்னர்ப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல்லியங்கள் பருத்தன. இருபதாம் நூற்றாண்டில் புதுமை நாடியோர் மீண்டும் சிறு குழுவிற்குத் திரும்பினர். ஷோன்பெர்க் என்பார் 1906ஆம் ஆண்டில் பதினைந்தே கருவிகளுக்கு ஒரு சிம்பொனி எழுதினார். சிறு குழுவில் ஒவ்வொரு குரலும் தெளிவாகக் கேட்கும். மறைந்துகொள்ள இடமில்லை. அதுவே அதன் அருமை. அதுவே அதன் கடுமை.

நம் மாவட்டத்துச் செய்தி

"நமக்கும் அதற்கும் என்ன உறவு?" என்ற வினாவிற்கு வருகிறேன். வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. 1919ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அன்று சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளிக்குக் கவியரசர் இரவீந்திரநாத தாகூர் ஓய்விற்காக வந்தார். அங்கே தியாசாபிகல் கல்லூரியின் தலைவராக இருந்தவர் அயர்லாந்தினரான ஜேம்ஸ் கசின்ஸ். அவர்தம் மனைவியார் மார்கரெட் கசின்ஸ் அம்மையார் மேனாட்டு இசையை முறையாகக் கற்றுப் பட்டம் பெற்றவர். 'ஜன கண மன' என்னும் பாடலைத் தாகூர் அங்கே பாடிக் காட்டினார். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தும் தந்தார். அம்மையார் அதன் மெட்டினை மேனாட்டுச் சுரக்குறியில் எழுதிவைத்தார்.

வங்கத்துக் கவிஞரின் பாடல். அயர்லாந்து அம்மையாரின் எழுதுகோல். நம் பக்கத்து ஊர். இச்செய்தி இதனோடு முடியவில்லை. 1947ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஐக்கிய நாடுகளின் பேரவை கூடியபோது, பல்லியத்தார் வாசிப்பதற்கு இந்தியாவின் நாட்டுப்பண் எது என்று கேட்டனர். நம் தூதுக்குழுவினரிடம் 'ஜன கண மன' இசைத்தட்டு ஒன்று இருந்தது. அதனைக் கொடுத்தனர், பல்லியத்தார் பயின்று வாசித்தனர், அவையோர் பெரிதும் பாராட்டினர். 1948ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அரசியல் நிர்ணய சபையில் பேசிய நேரு பெருமகனார் இந்நிகழ்ச்சியை எடுத்துரைத்து, பல்லியமும் அணிவகுப்பு வாத்தியக் குழுவும் வாசிப்பதற்கு ஏற்ற மெட்டாக இருத்தல் வேண்டும் என்பதை ஒரு காரணமாகக் காட்டினார். 1950ஆம் ஆண்டு சனவரி 24ஆம் நாள் அப்பாடல் நாட்டுப்பண் ஆயிற்று.

அன்பர்களே, பல்லியம் நமக்குப் புறம்பானது என்போமாயின், ஒவ்வொரு விழாவின் இறுதியிலும் நாம் எழுந்து நிற்கும் அந்த இசையையே புறம்பு என்று கூறியவர்கள் ஆவோம்.

வயலின் குடிபுகுந்த வரலாறு

இன்று வயலின் இல்லாத கருநாடக இசைக் கச்சேரியை நினைத்துப் பார்க்க இயலுமா? இயலாது. ஆயினும் அது நம் மண்ணில் பிறந்த கருவி அன்று. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர், சென்னைக்கு அருகில் மணலியில் தம் குடும்பம் வாழ்ந்த நாளில், ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். கற்றதை நம் இசைக்கு இயைத்தார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு அக்கருவியில் வல்லவராகி, 1834ஆம் ஆண்டில் சுவாதித் திருநாள் மன்னரிடம் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசாகப் பெற்றார்.

வந்த கருவியை நம்மவர் எவ்வாறு ஏற்றனர் என்று பாருங்கள். மேனாட்டார் அதன் நான்கு தந்திகளையும் ஐந்தைந்து சுர இடைவெளியில் கட்டுவர். நம்மவர் சட்சம், பஞ்சமம், சட்சம், பஞ்சமம் என்று மாற்றிக் கட்டினர். மேனாட்டார் நின்றோ நாற்காலியில் அமர்ந்தோ வாசிப்பர். நம்மவர் சம்மணமிட்டு அமர்ந்து, கருவியின் தலையைக் காலின்மீது ஊன்றினர். தோள் தாங்கும் பாரம் குறைந்தமையால் இடக்கை விரல்கள் கமகத்திற்காக மேலும் கீழும் தடையின்றி இழைந்தன. கருவி மாறவில்லை, அதனை ஆளும் முறை மாறியது. புதிய ஊருக்குக் குடிபெயர்ந்து வந்து, அவ்வூர் வழக்கத்தையும் கற்று, தன் குரலையும் இழவாமல் வாழும் குடும்பத்தைப் போன்றது வயலின். இதனை உங்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. பிழைப்பை நாடி இங்கு வந்தோரும், எல்லைக்கோடு வரையப்படுவதற்கு முன்னரே இங்கு வாழ்ந்தோரும் நிறைந்த அவை இது.

முத்துசுவாமி தீட்சிதரோ ஒருபடி மேற்சென்றார். கோட்டையில் முழங்கிய ஐரோப்பிய மெட்டுகளைச் செவிமடுத்து, அவற்றிற்கு வடமொழிச் சாகித்தியம் இயற்றினார். 'நோட்டுச்சுர சாகித்தியம்' எனப்படும் அவை சங்கராபரண அளவில் அமைந்தவை. ஆங்கில அரசரை வாழ்த்தும் மெட்டும் அவற்றுள் ஒன்று. ஆனந்தபைரவியையும் நீலாம்பரியையும் அவ்வளவு ஆழமாகக் கண்ட பெருமகனார், அயல்மெட்டைக் கேட்டதனால் கெட்டுவிடவில்லை.

எழுத்தின் தேவை

பல்லியத்திற்கு இசை அமைப்பதில் முதற்படி எழுதுதல். நம் மரபு செவிவழி மரபு. ஆசிரியர் பாட மாணவர் கேட்டுப் பாடுவர். அதன் சிறப்பைக் குறைத்துக் கூறேன். ஆயினும் செவிவழி ஒன்றையே நம்பியதால் நாம் இழந்ததும் உண்டு. அதற்குச் சான்று திருமலையிலேயே இருக்கிறது. தாள்ளப்பாக்கம் அன்னமாசாரியரின் சங்கீர்த்தனங்களைச் செப்பேடுகளில் பொறித்துத் திருமலைக் கோயிலில் வைத்திருந்தனர். 1922ஆம் ஆண்டில் அவை வெளிப்பட்டன. பல்லாயிரம் பாடல்கள்! ஒவ்வொன்றின் தலைப்பிலும் இராகத்தின் பெயர் உண்டு, மெட்டு இல்லை. சொல் பிழைத்தது, இசை பிழைக்கவில்லை. இராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்ற பெரியோர் புதிதாக மெட்டமைத்துத் தந்தமையால்தான் அவற்றுட் சிலவற்றை இன்று நாம் கேட்கிறோம்.

இக்குறையை உணர்ந்தோர் இருந்தனர். ஏ. எம். சின்னசாமி முதலியார் நம் கீர்த்தனங்களை மேனாட்டுச் சுரக்குறியில் எழுதி 1890களில் சென்னையில் வெளியிட்டார். சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' 1904ஆம் ஆண்டு எட்டையபுரத்தில் வெளிவந்தது. கமகங்களுக்கும் தனித்தனிக் குறிகள் அமைத்த நூல் அது. தஞ்சை ஆபிரகாம் பண்டிதரின் 'கருணாமிர்த சாகரம்' 1917ஆம் ஆண்டு வெளிவந்தது. இவர்கள் இட்ட பாதையிலேதான் இன்று பல்லியத்திற்கு எழுதுவோர் நடக்கின்றனர்.

மூன்று இடையூறுகள்

இனி, அமைக்கும் முறைக்கு வருவோம். நம் இராகத்தைப் பல்லியத்தில் ஏற்றுவோன் மூன்று இடையூறுகளைச் சந்திக்கிறான். அவற்றை நூலில் படித்து நான் அறியவில்லை, பட்டு அறிந்தேன். வயலின் ஆசிரியனாகிய நான் சில ஆண்டுகளுக்கு முன்னர்த் தோடியில் ஒரு சிறு படைப்பை எழுதிச் சென்னையில் பன்னிரு கலைஞரிடம் கொடுத்தேன். ஒத்திகை தொடங்கிற்று. என் வீட்டில் தனி வயலினில் உருக்கமாக ஒலித்த அதே அடி, ஆறு வயலின்கள் சேர்ந்து வாசித்தபோது சந்தை இரைச்சல் ஆயிற்று. கலைஞர்கள் வல்லவர்கள், எழுதியவன்தான் அறியாதவன். முதிய வயோலாக் கலைஞர் ஒருவர் அன்போடு, "தம்பி, இதை ஒருவர் வாசிக்கலாம், ஆறு பேர் வாசிக்க முடியாது" என்றார். அன்று கற்றதே இன்று நான் உங்களுக்குச் சொல்லப்போவது.

முதல் இடையூறு கமகம். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதன்று; ரிஷபத்திற்கும் மத்தியமத்திற்கும் இடையே ஊசலாடுவது. ஊசலின் விரைவு கலைஞர்க்குக் கலைஞர் வேறுபடும். ஒருவர் ஆட்டினால் உயிர். அறுவர் அறுவகையாக ஆட்டினால் கலக்கம். இதற்குத் தீர்வு யாது? கமகம் மிகுந்த அடியை ஒரு தனிக் கருவிக்கே உரிமையாக்க வேண்டும். சட்சமும் பஞ்சமமும் எந்நாளும் அசையாதவை. அவற்றையும், அவ்விராகத்தில் நேராக நிற்கும் பிற சுரங்களையும் குழுவிற்குக் கொடுக்க வேண்டும். குழு நிற்க, தனிக்குரல் அசையும். நிற்பது இருந்தால்தான் அசைவது விளங்கும்.

இரண்டாவது இடையூறு ஆதார சுருதி. நம் இசை முழுவதும் ஒரே சட்சத்தின்மேல் எழும் மாளிகை. சுரக்கூட்டோ அடித்தளத்தையே நகர்த்தும் இயல்புடையது. இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன். மோகனத்தின் ஐந்து சுரங்களை அப்படியே வைத்துக்கொண்டு, ரிஷபத்தைச் சட்சமாகக் கருதிப் பாடினால் மத்தியமாவதி பிறக்கும். காந்தாரத்தைக் கருதினால் இந்தோளம். பஞ்சமத்தைக் கருதினால் சுத்த சாவேரி. தைவதத்தைக் கருதினால் சுத்த தன்யாசி. நம்மவர் இதனைக் கிரகபேதம் என்பர். பல்லியத்தில் தாழ்ந்த குரலையுடைய டபிள்பாஸ் காந்தாரத்தில் நெடுநேரம் நின்றுவிட்டால் என்ன நேரும்? கேட்போர் செவி அக்காந்தாரத்தையே சட்சமாகக் கொள்ளும். எழுதியவன் மோகனம் என்று நினைத்திருப்பான். கேட்டவன் இந்தோளம் கேட்டிருப்பான். சுரக்கூட்டு இராகத்தைக் கெடுக்கிறது என்று நம் பெரியோர் அஞ்சுவதன் உட்பொருள் இதுவே. அவ்வச்சம் அறியாமையால் எழுந்ததன்று. செவியின் கூர்மையால் எழுந்தது.

தீர்வு உண்டு. தம்புராவின் தொழிலைச் செல்லோவிடமும் டபிள்பாசிடமும் ஒப்படைக்க வேண்டும். மேலே நடக்கும் ஒவ்வொரு குரலும் இராகத்தின் ஆரோகண அவரோகணங்களை மீறாமல் நடக்க வேண்டும். அடித்தளத்தை நகர்த்துவதாயின் அறிந்து நகர்த்தி, அறிந்து மீள வேண்டும்.

இராகத்திற்கேற்ற சுருதியைத் தேர்வதும் இங்கே அடங்கும். இரண்டாம் முறை நான் கரகரப்பிரியாவை எடுத்துக்கொண்டேன். காரணம் கூறுகிறேன். மேனாட்டு முறையில் வயலினின் திறந்த தந்திகள் ஜி, டி, ஏ, ஈ. வயோலாவிற்கும் செல்லோவிற்கும் சி, ஜி, டி, ஏ. டபிள்பாசிற்கு ஈ, ஏ, டி, ஜி. இப்பொழுது டி என்னும் சுரத்தைச் சட்சமாகக் கொள்வோம். ஈ சதுசுருதி ரிஷபம், ஜி சுத்த மத்தியமம், ஏ பஞ்சமம், சி கைசிகி நிஷாதம். ஐந்தும் கரகரப்பிரியாவின் சுரங்கள்! நாற்கருவிகளின் எல்லாத் திறந்த தந்திகளும் அவ்விராகத்திற்குள்ளேயே அடங்குகின்றன. விரல் படாத தந்தியும் உடன் அதிர்ந்து வீணையின் பக்கசாரணி போலத் துணை செய்கிறது. மேலும், மேனாட்டுக் கலைஞர் இச்சுர வரிசையை 'டோரியன்' என்னும் பெயரால் பண்டுதொட்டே அறிவர். நடபைரவியையும் கீரவாணியையும் தம் 'மைனர்' வகைகளுள் இரண்டாக அறிவர். அறிந்த தெருவிலிருந்து அவர்களை அறியாத தெருவிற்கு அழைத்துச் செல்வது எளிது.

இங்கே ஓர் எச்சரிக்கை. எல்லாக் கருவிகளுக்கும் ஒரே எழுத்து எழுதினால் ஒரே ஒலி வாராது. டி ஒலிக்க வேண்டுமானால் பி-பிளாட் கிளாரினெட்டிற்கு ஈ என்றும், எஃப் ஹார்னுக்கு ஏ என்றும் எழுத வேண்டும். முதற்படைப்பில் இதனை மறந்து நான் பட்ட நாணம் சொல்லுந்தரமன்று.

மூன்றாவது இடையூறு தாளம். இங்கே நமக்கு இடையூற்றினும் வாய்ப்பே மிகுதி. பிரெஞ்சு நாட்டு மெசியான் என்பார், சார்ங்கதேவர் தொகுத்த 120 தேசித் தாளங்களைக் கற்று அவற்றைத் தம் படைப்புகளில் ஆண்டார். நம் கணக்கு அத்துணைச் செல்வம் உடையது. ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம் எட்டு அட்சரம். சதுசுர நடையில் முப்பத்திரண்டு மாத்திரை. முதல் பத்து மாத்திரையை விட்டு, ஆறு மாத்திரை அளவுள்ள ஓர் அடியை இரண்டிரண்டு மாத்திரை இடைவெளியோடு மும்முறை வாசித்தால் இருபத்திரண்டு, கூட்டினால் முப்பத்திரண்டு. சமத்தில் வந்து விழும். இக்கோர்வையில் முதல் ஆறினை வயலின்களுக்கும், அடுத்த ஆறினை வயோலாக்களுக்கும், இறுதி ஆறினைச் செல்லோவிற்கும் பகிர்ந்தேன். இடையிலுள்ள இரண்டு மாத்திரையைக் குழலுக்குக் கொடுத்தேன். மேலிருந்து கீழே படிப்படியாக இறங்கிவந்து சமத்தில் அனைவரும் கூடினர். தோடி ஒத்திகையில் என்னைத் திருத்திய அதே முதியவர் வில்லைத் தாழ்த்திவிட்டு, "மீண்டும் ஒருமுறை வாசிப்போம்" என்றார். எனக்கு அதனினும் பெரிய பரிசு தேவையில்லை.

வழி கண்டோர்

இம்முயற்சிகளில் எனக்கு முன்னோர் பலர். 1930களில் நாஜிகளின் கொடுமைக்கு அஞ்சிப் பம்பாய்க்கு அடைக்கலமாக வந்த வால்டர் காஃப்மன் என்பார், அகில இந்திய வானொலியின் தொடக்க இசையை அமைத்தார். தம்புராவின் சுருதியின்மேல் வயலின் எழும் அச்சிற்றிசையைக் கேட்டு எத்தனை தலைமுறையினர் விடியலில் கண்விழித்தனர்! ஊர் இழந்து வந்த ஒருவர் தந்த இசை ஒரு நாட்டின் விடியல் இசையாயிற்று. 1952ஆம் ஆண்டில் தில்லி வானொலி 'வாத்திய விருந்தம்' என்னும் பல்லியத்தை நிறுவியது. பண்டிதர் ரவிசங்கரும் டி. கே. ஜயராம ஐயரும் அதனை நடத்தினர். வயலின் வித்துவான் எல். சுப்பிரமணியம் வேத ஓசைகளை அடியாகக் கொண்டு அமைத்த படைப்பு, 1985ஆம் ஆண்டு சுபின் மேத்தா தலைமையில் நியூயார்க் பில்ஹார்மோனிக் பல்லியத்தாரோடு அரங்கேறிற்று.

நம் பொருளுக்கு மிக அணுக்கமான சான்று இளையராசா அவர்கள் 1986ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' என்னும் இசைத்தொகுப்பு. பண்ணைப்புரம் என்னும் சிற்றூரில் பிறந்து, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசை பயின்றவர் அவர். அத்தொகுப்பைத் தியாகராசருக்கும் ஜெர்மானிய இசைப்பேரறிஞர் பாக்கிற்கும் காணிக்கையாக்கினார். அதில் ஒரு பகுதியின் பெயர், அறைப் பல்லியம் தியாகராசரை வரவேற்கிறது என்னும் பொருளுடையது. மற்றொன்று, என் வீட்டில் பாக்கைச் சந்தித்தேன் என்பது. பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் முகப்புப் பகுதியை வைத்துக்கொண்டு, அதனோடு உரையாடும் புதிய இசையை அவர் எழுதினார். தனி வயலின் வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன்.

அந்நரசிம்மனே பின்னர்ச் 'சென்னைத் தந்தி நால்வர்' எனத்தக்க மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட் என்னும் குழுவை அமைத்தார். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. முதல் வயலின் கீர்த்தனத்தைக் கமகம் பிசகாமல் வாசிக்க, ஏனைய மூன்றும் ஹார்மனியை நெய்கின்றன. நான் முன்னர்க் கூறிய முதல் தீர்வு அங்கே செயல் வடிவில் இருப்பதைக் கேட்டுத் தெளியலாம்.

இளையராசா அங்கே நின்றுவிடவில்லை. 2005ஆம் ஆண்டில் மணிவாசகரின் திருவாசகத்தைப் புடாபெஸ்ட் சிம்பொனிப் பல்லியத்தாரோடு இசைத்து வெளியிட்டார். 2025ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 8ஆம் நாள் இலண்டன் மாநகரில் ராயல் பில்ஹார்மோனிக் பல்லியத்தார் அவருடைய முதலாம் சிம்பொனியாகிய 'வேலியண்ட்' என்னும் படைப்பை அரங்கேற்றினர். அப்போது அவருக்கு அகவை எண்பத்தொன்று. கற்பதற்கும் முயல்வதற்கும் வயது தடையன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

மறுப்பும் விடையும்

"எல்லாம் சரி; இராகத்திற்கு இதனால் ஆகும் நன்மை என்ன?" என்று கேட்கலாம். நேர்மையாக விடை கூறுகிறேன். தோடியின் ஆலாபனைக்குப் பல்லியத்தால் ஒரு நன்மையும் இல்லை. சகானாவிற்கும் இல்லை. அவை தனிக்குரலின் செல்வங்கள். அவற்றைத் தனிக்குரலிடமே விட்டுவிடுவது அறிவுடைமை. எல்லா இராகத்தையும் பல்லியத்தில் ஏற்றலாம் என்போர் கூற்றை நான் ஏற்கவில்லை. நான் தோற்ற இடமே அதற்குச் சான்று.

ஆயின் மற்றொரு பக்கமும் உண்டு. பல்லியத்திற்கு எழுதத் தொடங்கிய பின்னரே நான் இராகத்தை உற்றுக் கேட்கக் கற்றேன். எந்தச் சுரம் நிற்கிறது, எது அசைகிறது, எது எங்கிருந்து எங்குச் செல்கிறது என்று நாற்பது ஆண்டுகள் வாசித்தும் நான் எண்ணிப் பார்த்ததில்லை. கை வாசித்தது, மனம் உடன்சென்றது. பிறருக்கு எழுதிக் காட்ட நேர்ந்தபோதுதான் எனக்கே அது விளங்கிற்று. அயலார்க்குத் தமிழ் கற்பிப்பவர் தாமே தமிழை மறுமுறை கற்பதில்லையா? அதுபோலத்தான்.

நாம் செய்யத்தக்கது

நிறைவாக நம் பிள்ளைகளுக்கு வருகிறேன். அவர்கள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். பள்ளியில் தெலுங்கு படிக்கின்றனர். ஒன்று வளர்ந்தால் மற்றொன்று தேயும் என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் எனக்கும் உண்டு. என் பேரப்பிள்ளைகள் தமிழைப் பேசுகின்றனர், எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகின்றனர். ஆயினும் ஓர் அனுபவம் கூறுவேன். நம் ஞாயிறு வகுப்பில் இரண்டு சிறுமியரை ஒரு வயலின் பாடத்தில் வேறு வேறு வரிகளை ஒருங்கே வாசிக்கச் சொன்னேன். முதல் வாரம் இருவரும் தடுமாறினர். ஒருத்தி தன் வரியை விட்டுவிட்டு மற்றவள் வரிக்குத் தாவினாள். "அவளைக் கேள், ஆனால் உன் வரியை விடாதே" என்றேன். நான்கு வாரத்தில் வாசித்துவிட்டனர். பிறர் வரியைக் கேட்டுக்கொண்டே தன் வரியை விடாமை: இது பழகினால் வரும். பழக்குவதற்கு ஓர் இடம் வேண்டும்.

ஆதலின் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். முதலாவது, ஒரு செல்லோவும் இரண்டு வயோலாக்களும் வாங்குக. முதல் ஆண்டு வாடகைக்குப் பெறினும் போதும். இரண்டாவது, திருப்பதி இசைக் கல்லூரியில் பயின்றோரையும், வேலூர், சித்தூர்த் தேவாலயப் பாடற்குழுக்களில் சுரக்குறி படிக்கக் கற்றோரையும் அழைத்துப் பயிற்சிக்குத் துணை பெறுக. நம் இராகம் அறிந்தோரும் அவர்தம் சுரக்குறி அறிந்தோரும் ஒரே கூடத்தில் அமரட்டும். மூன்றாவது, ஞாயிறு வகுப்பில் இசைக்கு முன் அரைமணி நேரம் தமிழ் எழுத்துப் பாடம் நடைபெறுக; சுரத்தைப் படிக்கும் கண் தமிழையும் படிக்கட்டும்.

இவற்றைச் சங்கம் ஏற்குமாயின், அடுத்த ஆண்டு விழாவிற்குப் பன்னிரு பிள்ளைகள் வாசிக்கத்தக்க ஒரு சிறு படைப்பை நான் எழுதித் தருவேன். கரகரப்பிரியாவில் அமையும், ஏழு நிமிடத்திற்கு மேற்படாது, ஒவ்வொரு பிள்ளைக்கும், மிகச் சிறிய பிள்ளைக்கும், தனித்துக் கேட்கும் ஓர் அடியேனும் அதில் இருக்கும். நன்றாக அமைந்தால் பெருமை பிள்ளைகளுடையது. குறை நேர்ந்தால் அது என்னுடையது.